‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் பேச்சுத் திறன் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குரலின் ஏற்ற இறக்கம், நிற்கும் விதம், எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசுவது என்று கட்டுரையாளர் பலவற்றை அக்கறையோடு சொல்லியிருந்தார். ஆனால் நாம் சொன்னது கேட்டவர் மனத்தில் என்னவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குவது எங்கள் பொறுப்பு. ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதியிருந்தார்கள். அட்டையைக் கையில் பிடித்துக் காட்டி, தினமும் காலையில் ஒன்று என்று நிதானமாகச் சொன்னேன். “புரிந்ததா ஐயா?” என்றதும் நன்றாகத் தலையாட்டினார். “வீட்டுக்குப் போனதும் மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன். “தலைவலி வருகிற அன்றைக்கு ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் என்பேன்” என்றார். அவர் கவனிக்காமல் இல்லை. வலித்தால் மாத்திரை, வலி நின்றால் மாத்திரையும் நிறுத்தம் என்பதுதான் அவர் அதுவரை அறிந்த வழக்கம். நான் சொன்னதையும் அதற்கு ஏற்றபடியே எடுத்துக்கொண்டார். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளுக்குள்ளேயே கெடுதல் செய்வது. அந்தத் தலையாட்டலை நம்பி அனுப்பியிருந்தால் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலேயே கிடந்திருக்கும்.

இப்படித் திருப்பிச் சொல்லச் சொல்வதை மருத்துவத் துறையில் ‘டீச் பேக்’ என்கிறார்கள். கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. “எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்” என்றால் அது பரீட்சை, பெரியவர்கள் கூசிப்போவார்கள். “நான் சரியாக விளக்கினேனா என்று பார்க்க வேண்டும், உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்கள்” என்றால் பொறுப்பு நம் பக்கம் வந்துவிடுகிறது. கேட்டவர் தயங்காமல் பேசுகிறார்.

சொல்பவருக்குத் தான் தெளிவாகச் சொன்னதாகவே எப்போதும் தோன்றும். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் தட்ட, வேறு சிலர் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டியவர் மனத்தில் முழுப் பாடலும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் காதில் விழுந்ததோ வெறும் தட்டல்.

விமானத் துறை இந்தப் பாடத்தைக் கற்க எத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்தது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில், ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்று கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்துடையது, மற்றது பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக கேஎல்எம் விமானி எண்ணிக்கொண்டார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதிலில் ‘ஓகே’ என்ற சொல்தான் தெளிவாகக் கேட்டது. காத்திருக்கச் சொன்ன மீதியும், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்ற பான் ஆம் விமானத்தின் குரலும் ஒரே நேரத்தில் வந்ததால் வானொலி இரைச்சலில் சிதைந்துபோயின. என்னை உலுக்குவது அடுத்து நடந்தது. பான் ஆம் விமானம் விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அவர் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்று ஓடுபாதை தொடர்பான அனுமதிகளை விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். வெறும் ‘சரி’ செல்லாது. அவர் சொல்வது சரிதானா என்று கட்டுப்பாட்டு அதிகாரி கவனித்துத் திருத்த வேண்டும். ஆண்டுக் கணக்கில் பயிற்சி பெற்றவர்களே இந்த விதிக்குக் கட்டுப்படுகிறார்கள். நாம் அலைபேசியில் செய்தி அனுப்பி, இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

காது மந்தமான முதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் அவர்களிடம் கத்துகிறார்கள். முதுமையில் பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் ஸ், ஃப் போன்ற ஒலிகள். கத்தும்போது உயிரொலிகள் உரக்கின்றன, மெய்யொலிகள் அமுங்குகின்றன, முகமும் கோபமாகத் தெரிகிறது. அவர்கள் எதிரில் வெளிச்சத்தில் அமர்ந்து, வாயசைவு தெரியும்படி நிதானமாகப் பேசினாலே பெரிய மாற்றம் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்துத் தலையாட்டுகிறார் என்றால் அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பேசுவதற்கு முன் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி, சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு காட்டியது. குறையையே முழுதாகக் கேட்காதவர் சொல்லும் அறிவுரை எவ்வளவு அழகான குரலில் வந்தால்தான் என்ன?

கட்டுரையாளரிடம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதன் தொடர்ச்சியாக, கேட்பவர் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்றே வேண்டுகிறேன். மேலதிகாரி முன்னால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று ஓர் ஊழியர் சொல்ல என்ன சூழல் வேண்டும், வகுப்பில் கைதூக்காத பிள்ளையின் மௌனத்தை ஆசிரியர் எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் அத்துறையில் இருப்பவர்களைக் கொண்டே எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், தங்கள் நெடுநாள் வாசகி