வைப்பர் திணறினால் உடனே மோட்டாரை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப்புகளில் வைப்பர் மெதுவானால் உடனே புது மோட்டார் வாங்க வேண்டாம். மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் லிங்க் கம்பியைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் குறை வைப்பர் கை சுழலும் அச்சான ஸ்பிண்டிலில்தான். பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தால் போதும். தனியாக ஓடும்போதும் திணறினால் மோட்டாரை வண்டி உடலோடு இணைக்கும் எர்த் வயர் முனையின் துருவைச் சுரண்டுங்கள், அடுத்து மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். ஃபியூஸ் போகிறதே என்று பெரியதைப் போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும்.

இன்னொரு விஷயம்: ஜீப்பில் வேறு வண்டியின் சீட்டைப் பொருத்துவோர் துருவேறிய தரைத்தகட்டில் சின்ன வாஷர் வைத்து முறுக்கிவிடுகிறார்கள். மோதலில் போல்ட் தகட்டோடு பிய்ந்து வரும், உயிர் போகிற விஷயம். அடியில் 3 மி.மீ. இரும்புப் பட்டை கொடுத்து வலிமை மிகுந்த 8.8 கிரேடு போல்ட் போடுங்கள். சில பழைய ஜீப்புகளில் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் எரிபொருள் டேங்க். டிரில் வைக்குமுன் குனிந்து பாருங்கள்.

– ஜீப் மெக்கானிக்குகள், போடிநாயக்கனூர்