கரி அடுப்பு வாங்கும் முன் ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

கமாடோ அடுப்பு, அதுதான் மூடி போட்டுக் கரியில் சமைக்கும் அந்த முட்டை வடிவ அடுப்பு, வாங்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

முதலில் அதை எங்கே வைப்பாய் என்று முடிவு செய். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அதனால் வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும். சாத்திய பால்கனி, கார் நிறுத்தும் கொட்டகை எதுவும் ஆகாது, மழை கொட்டினாலும் ஆகாது. வாடகை வீடென்றால் கரி அடுப்புக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடு.

அடுத்தது செராமிக்கா (சுட்ட மண்), இரும்பா. ஜப்பானில் சோறு சமைத்த மண் அடுப்பின் வழியில் வந்தது கமாடோ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். தடித்த சுவர் சூட்டை விடாது. உள்ளே காற்றோட்டம் குறைவு என்பதால் ஈரமும் போகாது, இறைச்சி வறண்டுபோகாமல் வேகும். செராமிக்கின் அருமை அது. ஆனால் 46 செ.மீ. கம்பித்தட்டு உள்ளதே 70 கிலோவைத் தொடும், சாய்ந்து விழுந்தால் விரிசல்தான். நீயோ வீடு மாறிக்கொண்டே இருக்கிறாய். இப்போதைக்கு இரட்டைச் சுவர் இரும்பு அடுப்பே போதும் என்பது என் எண்ணம். எடையும் குறைவு, விலையும் குறைவு. துருப்பிடிக்காமல் உறை போட்டு வைத்துக்கொள்.

எதை எடுத்தாலும் கடையில் ஒன்று செய்து பார். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து, மூடியைச் சாத்தி, மெல்ல இழு. பிடித்து நிற்க வேண்டும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிப் பார். எங்காவது தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே காற்று கசியும், அந்த அடுப்பு உன் சொல் கேட்காது. தீ நேரே படாமல் தடுக்கும் கல்தட்டு கூடவே வருகிறதா என்றும் கேள். நிதானமாக வேகவைக்க அது கட்டாயம்.

இந்த அடுப்பில் சமையலே காற்றில்தான் இருக்கிறது. கீழ்த் துவாரம் காற்றை விடும், மேல் துவாரம் வெளியேற்றும். கட்டியான மரக்கரி வாங்கு, சாம்பல் குறைவு. மண்ணெண்ணெய், பற்றவைக்கும் திரவம் எதையும் ஊற்றாதே. செராமிக் அந்த நாற்றத்தைக் குடித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டில் கக்கும். மெழுகுத் துண்டு வைத்து ஓரிரு இடத்தில் மட்டும் பற்றவை. அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கும்வரை எதையும் உள்ளே வைக்காதே, கசக்கும்.

120 டிகிரி செல்சியஸ் வேண்டுமென்றால் 100-க்குக் கிட்டே வரும்போதே துவாரங்களைக் குறுக்கத் தொடங்கு. ஏறும்போது பிடித்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் சுவர் ஏற்றிக்கொண்ட சூடு சுலபத்தில் இறங்காது. துவாரத்தைத் தொட்டபின் கால் மணி நேரமாவது பொறு. மூடியில் உள்ள வெப்பமானியின் முள் அசையவில்லையே என்று மறுபடி மறுபடி திருப்புகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

முதல் சமையலுக்கு முழுக் கோழி வை. கல்தட்டின் மேலே, 180 டிகிரியில். கடிகாரத்தை நம்பாதே, கம்பித் தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் தொடைச் சதையில் குத்திப் பார். 74 டிகிரி காட்டினால் எடுக்கலாம். பெரிய இறைச்சித் துண்டுகளின் உள்சூடு 70 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம். தீயைக் கூட்டாமல் விட்டால் தானே ஏறும்.

எனக்குக் கவலை தருவது மூடிதான். சூடு அதிகமாக இருக்கும்போது படக்கென்று திறக்காதே. காற்றுக்குத் தவிக்கும் தணலில் ஒரேயடியாகக் காற்று பாய்ந்தால் தீ முகத்துக்கு எழும்பும். இரண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி பிடித்திருந்து, பிறகு மெதுவாகத் திற. தலைமுடியைக் கட்டிக்கொள், முகத்தைத் தள்ளி வை, கையுறை போட்டுக்கொள்.

வேலை முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் அடைத்துவிடு. தீ தானே அணையும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும். தண்ணீர் மட்டும் ஊற்றாதே. சாம்பலை மறுநாள் நன்றாக ஆறிய பிறகு உலோக வாளியில் அள்ளு.

கடையில் பார்த்ததும் கம்பித்தட்டின் அகலத்தையும் எடையையும் எனக்கு எழுது. பார்த்துச் சொல்கிறேன், அதன்பிறகு வாங்கு.

அன்புடன்,
அப்பா