பருவ இறுதிக் கடிதம்: கூடவே பறவைக் குஞ்சுகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவமும் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. ஓவியம், பேச்சு, வினாடி வினா என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், பரிசும் வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். நூலகப் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, இனி பறவைக் குஞ்சுகள்.

கடந்த மூன்று வாரங்களில் நான்கு குஞ்சுகள் பள்ளிக்கு வந்துவிட்டன. ஒன்று பென்சில் பெட்டியில், இரண்டு புத்தகப் பையில். ஒன்றை ஒரு தந்தையே அட்டைப் பெட்டியில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தார். "ஸ்கூலில் பார்த்துக்குவாங்கன்னு பொண்ணு சொன்னாள்" என்றார். அந்த நம்பிக்கைக்கு நன்றி. ஆனால் நான்கில் மூன்று மறுநாளைப் பார்க்கவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முதல் குஞ்சுக்கு இங்க் ஃபில்லரால் தண்ணீர் விட்டது நானேதான். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, வாயில் விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம் என்று கால்நடை மருத்துவர் பிறகுதான் சொன்னார். குஞ்சுக்குத் தேவையான ஈரம் தாய் ஊட்டும் புழு பூச்சியிலேயே இருக்கிறதாம். பாலும் கூடாது, அது பறவைக்குச் செரிக்காது.

தரையில் கிடக்கிற குஞ்செல்லாம் விழுந்த குஞ்சும் அல்ல. உடம்பெல்லாம் இறகு, கட்டை வால், தத்தித் தத்தி ஓடுகிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது. சில நாட்கள் தரையிலும் புதரிலும்தான் இருக்கும். தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருந்து ஊட்டும், நாம் நிற்கும் வரை இறங்கி வராது. அதைத் தூக்கி வருவது காப்பாற்றுவது ஆகாது. பெற்றவர்கள் கண்ணெதிரே பிள்ளையைக் கொண்டுபோவதுதான். பூனையோ நாயோ வரும் இடமாக இருந்தால் அவற்றைக் கட்டிப்போடலாம், அல்லது குஞ்சைப் பக்கத்துப் புதரில் விடலாம். அவ்வளவு போதும்.

இறகே முளைக்காத, கண் திறக்காத குஞ்சு வேறு. அதற்கு உடனே உதவி வேண்டும், உதவி என்பது கூட்டில் திருப்பி வைப்பது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது உண்மை இல்லை. கூடு எட்டவில்லை என்றால் சிறு கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே மரத்தில் நிழலான இடத்தில் கட்டிவிடுங்கள். மழைநீர் தேங்காமல் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். பிறகு தள்ளிப் போய் ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள். இதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். சென்ற வாரம் ஒரு மாணவன் இதற்காக மரமேறி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான்.

இரத்தம், தொங்கும் இறக்கை, பூனை கவ்விய தடம் என்று எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். பூனைப் பல் பட்ட காயம் சிறிதாகத் தெரிந்தாலும் சீக்கிரம் சீழ் வைக்கும். காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, கதகதப்பாக, இருட்டாக வைத்து, எதுவும் ஊட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இனி எந்தக் குஞ்சும் பள்ளிப் பைக்குள் வரக்கூடாது. வந்தால் அன்றே வீட்டுக்கு அழைப்பு வரும். நீங்கள் வந்து, எடுத்த மரத்தடிக்கே கொண்டுபோக வேண்டும். பகல் முழுக்க அரை மணிக்கு ஒருமுறையாவது ஊட்ட வேண்டிய ஓர் உயிரை, கணக்கு வகுப்புக்கு நடுவே எந்த ஆசிரியராலும் வளர்க்க முடியாது.

பிழைத்த அந்த நான்காவது குஞ்சு நம் மைதானத்து மரத்திலிருந்தே விழுந்து, எடுத்துவரப்பட்டது. ஆறாம் வகுப்பு ஆசிரியை அதைக் கூடையில் கட்டிவிட, பிள்ளைகள் வராந்தாவிலிருந்து சத்தமில்லாமல் பார்த்தார்கள். (அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.) நாற்பது நிமிடம் கழித்துத் தாய் வாயில் புழுவோடு வந்தது. இரக்கமுள்ள பிள்ளைகளை வளர்த்து அனுப்பியிருக்கிறீர்கள், மனமார்ந்த நன்றி. கூடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அழைத்துப்போக வரும்போது அந்த மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்