‘ஜெர்மானியர்’ என்ற அந்த ஒரு சொல்

செக் குடியரசின் வெளியுறவு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் நாட்டில் எனக்கு வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. உங்கள் மண்ணில் இருந்த மாளிகைகளை இழந்த, ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள குட்டி நாடான லிச்சென்ஸ்டைனின் மன்னர் குடும்பத்துக்காகக் கண்ணீர் விடுகிறவனும் அல்லன். உறுத்துவது ஒரு சொல்தான்.

அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் அதிபர் பெனேஷ் 1945 ஜூன் 21ஆம் தேதியிட்டுப் பிறப்பித்த ஆணை, ஜெர்மானிய, ஹங்கேரிய இனத்தவரின் விளைநிலங்களை இழப்பீடின்றிப் பறிமுதல் செய்தது. குடியுரிமை எதுவானாலும் விலக்கில்லை. நாஜிக்கள் உங்கள் மண்ணில் செய்ததை எண்ணினால் அந்தச் சினம் புரிகிறது. ஆனால் இரண்டாம் பிரான்ஸ் யோசெப், போரில் நடுநிலை வகித்த லிச்சென்ஸ்டைன் என்ற வேறொரு நாட்டின் மன்னர். அவரையும் ‘ஜெர்மானியர்’ பட்டியலில் சேர்த்தீர்கள். 1951இல், அப்போது உங்களோடு ஒரே நாடாக இருந்த ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

பழைய கணக்கு ஒன்று உங்கள் மனத்தில் இருப்பதை அறிவேன். 1621இல், அதே ஜூன் 21 அன்று, பிராக் சதுக்கத்தில், பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்த 27 பேரின் தலையெழுத்தை முடித்த மரண தண்டனைக்குத் தலைமை தாங்கியவர் அதே குடும்பத்தின் கார்ல் லிச்சென்ஸ்டைன். கலகக்காரர்களிடம் பறித்த நிலங்களில் ஏராளமானவற்றை வளைத்தவரும் அவரே. அதற்காகக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு கழித்துப் பிறந்தவரின் இனத்தை மாற்றி எழுதலாமா?

விளைவைப் பாருங்கள். 2009 வரை இரு நாடுகளுக்கும் தூதரக உறவே இல்லை. மன்னர் குடும்பத்திடமிருந்து பறிமுதலான, டச்சு ஓவியர் பீட்டர் வான் லார் வரைந்த சுண்ணாம்புச் சூளை ஓவியம் ஒன்றை 1991இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்தீர்கள். அதைக் கேட்டு பிரான்ஸ் யோசெப்பின் மகன் மன்னர் ஹான்ஸ்-ஆடம் ஜெர்மனியில் வழக்குப் போட, விவகாரம் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் என்று அலைந்தது. 2005இல் ஹேக் நீதிமன்றம் தனக்கு அதிகார வரம்பில்லை என்று கைகழுவியது. சூளைப் படத்துக்கு இத்தனை புகை! 2020இல் லிச்சென்ஸ்டைன் நாடு உங்கள் மீதே ஸ்ட்ராஸ்பர்க்கில் வழக்குத் தொடுத்தது.

அந்தக் குடும்பத்திடமிருந்து பறித்த லெட்னிட்சே, வல்டிட்சே மாளிகைகளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அவை உங்கள் மக்கள் உலாவும் இடமாகவே இருக்கட்டும். ஒன்றை விட்டுக்கொடுத்தால் போருக்குப் பின் வெளியேற்றப்பட்ட, உங்கள் எல்லைப் பகுதிகளில் வாழ்ந்த சுடேட்டன் ஜெர்மானியரின் வாரிசுகள் வரிசையில் நிற்பார்களோ என்று அஞ்சுகிறீர்கள். அவர்கள் உங்கள் குடிமக்களாக இருந்தவர்கள்; இவர் அயல்நாட்டின் தலைவர். வழக்கு வேறு.

நிலத்தைத் தொடாமல், நடுநிலை நாட்டு மன்னரை எதிரியாகப் பதிந்தது தவறு என்று ஓர் அறிக்கையில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஒரு வாசகன்