அப்பத்தா கேட்கிறாள், கணக்குப்பிள்ளை வேலைக்கா என்று

தேவகோட்டை

அன்புள்ள வள்ளி,

போனில் பேசினால் உன் அம்மா பாதியில் வாங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

நீ புள்ளியியலில் எம்.எஸ்சி. சேரப்போகிறாய் என்று அப்பத்தாவிடம் சொன்னேன். "கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளை கணக்குப்பிள்ளை வேலைக்கா போகுது?" என்கிறாள். செட்டியார் வீட்டில் உன் தாத்தா பேரேடு எழுதியதைப் பார்த்தவள். அந்தக் கணக்கில் ஐந்தொகை காசு பிசகாமல் நிற்க வேண்டும். நீ போகிற கணக்கிலோ பிசகு இருந்தே தீரும். அது எவ்வளவு என்று சொல்வதுதான் வேலை. இதை அவளுக்கு விளக்கப்போய்த் தோற்றுவிட்டேன்.

ஐந்து வருஷப் படிப்பு வீணாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற பியூரெட் குழாயில் ஒரு கோடு 0.1 மில்லி. நிறம் மாறும் சொட்டைப் பிடிப்பதில் ஒருமுறை 12.4 வரும், மறுமுறை 12.6 வரும். நோட்டில் மட்டும் எல்லாருக்கும் 12.5, 12.5! அப்படிக் காணாமல் போகிற 0.2-ல்தான் நீ படிக்கப்போகும் பாடம் இருக்கிறது. இப்போது வேலையில், கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் அளவு தெரிந்த ஒரே ஸ்டாண்டர்டை ஐந்தாறு முறை செலுத்தி, ஆர்.எஸ்.டி., அதாவது சராசரியோடு ஒப்பிட்ட சிதறல், 2 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறாய். ஏன் ஐந்து, ஏன் 2 என்று உன் மேலதிகாரியைக் குடைந்தாயே, அன்றைக்கே நீ பாதி மாறியாயிற்று.

கொஞ்சம் அளவீடுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு வழி சொன்ன வில்லியம் காசெட்டும் வேதியியல் படித்தவர்தான், கணிதத்தோடு சேர்த்து. 1899-ல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தார். 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான் இரண்டு சராசரிகளின் வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று பார்க்க நீ போடுகிற டி-டெஸ்ட். பின்னால் பெரிய புள்ளியியலாளரான ஜார்ஜ் பாக்ஸும் வேதியியல் மாணவர். இரண்டாம் உலகப் போரில் விஷவாயுச் சோதனை முடிவுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது, புள்ளியியலாளர் யாரும் கிடைக்காமல் தானே படித்துக்கொண்டார். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ் இயற்பியல்காரர்.

ஆனால் அவர்களுக்கெல்லாம் கணிதம் கைவசம் இருந்தது. உனக்கு இருப்பது பி.எஸ்சி.யில் படித்த அலைடு மேத்ஸ். அது போதாது. அணியின் ஐகன் மதிப்பைக் கண்டுபிடிக்கத் தெரியும், அது ஏன் வருகிறது என்று நிறுவத் தெரியாது. லீனியர் அல்ஜீப்ரா, பலமாறி நுண்கணிதம், நிகழ்தகவு, இந்த மூன்றையும் பேனா பிடித்துக் கணக்குப் போட்டுப் படி. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம்தான், ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் புரிந்த மாதிரியே இருக்கும். பைத்தான் புரோகிராமிங் பிறகு வரும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வில் மேத்தமேட்டிகல் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று தனித் தாளே இருக்கிறது. அதன் பழைய வினாத்தாளை இன்றே எடுத்துப் போட்டுப் பார். எத்தனை கணக்கில் திணறுகிறாய் என்று மறைக்காமல் எனக்கு எழுது. பட்டத்தில் கணிதம் எத்தனை பருவம் இருந்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பீஸ் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடு.

டேட்டா சயின்ஸ் என்றால் சம்பளம் அள்ளிக் கொடுப்பார்கள் என்பதற்காக மட்டும் போகிறாய் என்றால், வேண்டாம். இருக்கிற வேலையே நல்ல வேலை.

சீட் கையில் வரும்வரை ராஜினாமா எழுதாதே. பணம் நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிவைக்க அம்மாவிடம் நீதான் பேச வேண்டும். அதில் என்னை இழுக்காதே.

பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு லீவு கிடைக்குமா என்று சொல்.

அன்புடன்,
அப்பா