பழைய கார் வாங்க எந்த மாதம் நல்லது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

பழைய கார் வாங்க ஆண்டில் எந்த மாதம் நல்லது என்று கேட்டிருந்தாய். சுருக்கமான பதில் இது: ஆண்டின் கடைசி இரண்டு வாரம். இல்லாவிட்டால், நீ மனதில் வைத்திருக்கும் மாடலுக்குப் புதுத் தலைமுறை வண்டி வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து. ஆனால் இதை மட்டும் நம்பிக் கிளம்பினால், விலையில் மிச்சம் பிடித்ததை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டி வரும். அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

ஆண்டு முடிவில் விலை இறங்குவதற்குக் காரணம் எளிது. பழைய காரின் வயதைச் சந்தை மாதக் கணக்கைவிட ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் பார்க்கிறது. ஜனவரி பிறந்ததும் வண்டிக்குக் காகிதத்தில் ஒரு வயது கூடிவிடும். அதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று விற்பவர் துடிப்பார். இதில் ஒன்றைக் கவனி. டிசம்பர் 28இல் பேரம் பேசும்போது நீ கேட்க வேண்டியது ஜனவரி விலையை. நான்கு நாள் கழித்து அந்த வயதைச் சுமக்கப்போவது நீதானே. டிசம்பர் விலையில் சின்னத் தள்ளுபடி கொடுத்து அனுப்பினால் அது லாபமே இல்லை. ஆறேழு ஆண்டு வைத்து ஓட்டப்போகிறாய் என்றால் இந்த ஒரு வயது வித்தியாசம் கரைந்துவிடும். இரண்டே ஆண்டில் விற்கும் எண்ணமிருந்தால் கறாராக இரு.

தயாரித்த தேதியும் பதிவு செய்த தேதியும் ஒன்றல்ல. ஓராண்டில் தயாராகி, யார்டில் நின்று, மறு ஆண்டு பதிவான வண்டிகள் நிறைய உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 4821 என்றால் 2021ஆம் ஆண்டின் 48ஆவது வாரம் தயாரான டயர். ஸ்டெப்னியிலும் பார். பெரும்பாலும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள் என்பதால் வண்டியின் உண்மையான வயது அதில் தெரியும். டயருக்கு ஆறு வயது தாண்டியிருந்தால், பட்டன் (டயரின் மேற்பரப்புப் பள்ள வரிகள்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் நான்கு புது டயரின் விலையைப் பேரத்தில் சேர்த்துக்கொள்.

டீலரிடம் வாங்குவதாக இருந்தால் மாதக் கடைசியும் காலாண்டுக் கடைசியும் உனக்குச் சாதகம். விற்பனையாளருக்கு இலக்கு இருக்கும். அதைவிட முக்கியம் வட்டி. பல டீலர்கள் கடன் வாங்கித்தான் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குச் செலவு. அதனால் விளம்பரம் முதலில் வந்த தேதியைக் குறித்து வை. இரண்டு மாதம் தாண்டியும் விற்காத வண்டிக்கு எந்தப் பருவத்திலும் விலை குறையும். ஏன் விற்கவில்லை என்பதை மட்டும் முதலில் கண்டுபிடி. பார்க்கப் போவது வாரநாள் காலையாக இருக்கட்டும். வார இறுதியில் உன் பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள்.

புதுத் தலைமுறை மாடல் விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். அறிவிப்பு வந்த அன்றே பழையது மலிந்துவிடாது. புது வண்டிக்குப் பணம் கட்டியவர் அது கைக்கு வரும்வரை பழையதை ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். டெலிவரி தொடங்கிச் சில வாரம் ஆன பிறகே மாற்றிக் கொடுத்த வண்டிகள் சந்தைக்கு வந்து குவியும். ஒரே நிறம், ஒரே மாதிரி வசதிகள், ஒரே வயதுள்ள வண்டிகள் ஒரே மாதத்தில் வரிசையாக விளம்பரத்துக்கு வந்தால், அவை ஏதோ நிறுவனம் குத்தகை முடிந்து கழித்துவிட்டவையாக இருக்கலாம். கிலோமீட்டர் அதிகம் ஓடியிருக்கும், சர்வீஸ் பெரும்பாலும் ஒழுங்காக நடந்திருக்கும். எனக்கு அப்படிப்பட்ட வண்டி மேல் பெரிய வெறுப்பு கிடையாது.

கூரை திறக்கும் வண்டியைக் குளிரிலும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை வெயிலிலும் வாங்குவது மலிவு. உனக்கு இரண்டும் தேவையில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஒரு வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு 12 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். மூன்று மாதம் காத்திருந்தால் மூன்று சதவீதம் குறையும், ஆனால் அது உனக்குக் கிடைத்த தள்ளுபடி ஆகாது. மூன்று மாதம் கூடப் பழசான வண்டியை அதற்குரிய விலைக்கு வாங்குகிறாய், அவ்வளவுதான். உண்மையான தள்ளுபடி விற்பவரின் அவசரத்திலிருந்து மட்டுமே வரும். ஊர் மாறுகிறவர், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கியவர், புது வண்டி வந்து நிறுத்த இடமில்லாதவர் ஆகியோர் ஆண்டு முழுக்க இருக்கிறார்கள். "ஏன் விற்கிறீர்கள், எப்போதைக்குள் விற்க வேண்டும்?" என்ற இரண்டு கேள்வியையும் போனிலேயே கேட்டுவிடு.

இனி, விலையைவிட நான் பெரிதாக நினைப்பது. ஒவ்வொரு பருவமும் வண்டியின் சில குறைகளைக் காட்டிக்கொடுக்கும், சிலவற்றை மறைத்துவிடும். எந்தப் பருவத்தில் வாங்குகிறாயோ, அது மறைப்பதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

குளிர்காலக் காலை, இன்ஜினைப் பார்க்கச் சிறந்த நேரம். நீ வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் பானட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று கொள்ளலாம். ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி உலோகச் சலசலப்பு கேட்டால் இன்ஜினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயினைச் சந்தேகி. சைலன்சரில் நீலப்புகை ஒரு கொத்தாக வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே இறங்குகிறது. குளிரில் வெள்ளை ஆவி வருவது இயல்பு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக வந்தால், அதிலும் இனிப்பு வாசனை இருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் எரிகிறது. அந்த வண்டியை விட்டுவிடு. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல் ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம், குளிரில் குறுகிய தூரமே ஓடிய வண்டியில் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அதே நிறம் இருந்தால்தான் ஆபத்து. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் பாதிதான்.

குளிர் மறைப்பது ஏசியை. ஜில்லென்று வருவது ஏசியாலா வெளிக்காற்றாலா என்று தெரியாது. மெக்கானிக்கிடம் கேஸ் அழுத்தத்தை அளக்கச் சொல். வெயிலில் வாங்கினால் நீயே பார்த்துவிடலாம்: உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டிய பின் ஏசி காற்று வரும் வாயிலில் 10 டிகிரி அளவுக்கு வர வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெப்பக்காற்று வந்தால் ஃபேனையோ கண்டென்சரையோ பார்க்க வேண்டும். இருபது நிமிடம் ஓட்டி, ஏசியை அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி வை. இன்ஜின் வெப்பமானி முள் நடுவை விட்டு ஏறக் கூடாது.

மழைக்காலத்துக்கு இரண்டு முகம். நனைந்த வண்டியின் பெயிண்டை ஒருபோதும் பார்த்து முடிவு செய்யாதே. ஈரம் கீறல், நெளிவு, மறுபெயிண்ட் நிற வித்தியாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் ஒழுகலைக் கண்டுபிடிக்க மழையைப் போல வேறு எதுவும் உதவாது. நான்கு மிதியடியையும் தூக்கி, கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்து. டிக்கியில் ஸ்டெப்னிக் குழியைப் பார். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் அடைத்துக் கூரைத் துணியில் கறை இருக்கிறதா என்று பார்.

எங்காவது பெரிய வெள்ளம் வந்த பிறகு ஆறு மாதத்துக்கு இன்னும் கவனமாக இரு. மூழ்கிய வண்டிகளைக் கழுவி, வெள்ளம் வராத தொலைதூர ஊர்களில் விற்பார்கள். அப்போது நல்ல விலைக்கு வருவதை எல்லாம் சந்தேகப்படு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழு; யாரும் அதன் அடிப்பகுதியைக் கழுவுவதில்லை, சேற்றுக்கறைக் கோடு அங்கே இருக்கும். சீட்டின் தண்டவாளத் திருகுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் மங்கல், டேஷ்போர்டின் அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சைப் படிவு, ஏசியைப் போட்டதும் பூஞ்சை நாற்றம், அல்லது அதை மறைக்கத் தெளித்த கடுமையான வாசனை: இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் பேரமே பேசாதே. மூழ்கிய வண்டி வாங்கிய அன்று நன்றாக ஓடும். ஒயர் இணைப்புகள் அரிக்க மாதக்கணக்கில் ஆகும், அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும்.

உனக்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறதென்றால், முதல் மாதம் வாங்காதே. இரண்டு மாடலை மட்டும் தேர்ந்தெடுத்து, விளம்பர விலை, கிலோமீட்டர், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வா. கடன் ஒப்புதலை இரண்டாம் மாதத்திலேயே வாங்கி வைத்துவிடு. கையில் பணம் தயாராக இருந்தால்தான் அவசரக்காரரிடம் "இன்றே முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்ல முடியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியின் மேல் கடன் பாக்கி இல்லை என்பதற்கான எழுத்துச் சான்றைக் கேள். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க விற்பவர் மறுத்தால், டிசம்பர் 31 ஆனாலும் திரும்பி வந்துவிடு.

மெக்கானிக் தரும் அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு எந்தெந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா