ஆர்.சி.யில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் முடிந்ததும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பங்களாக்களில் சும்மா நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் சில விற்பனைக்கு வருகின்றன. விளம்பரங்களில் எந்த ஆண்டு வண்டி, எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்ற மூன்றும்தான் இருக்கும். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் அது போதும். ஸ்போர்ட்ஸ் காருக்குப் போதாது. ஒரே உடம்புக்குள் வெவ்வேறு என்ஜின் உட்காரும் வண்டிகள் இவை. விலை அந்த என்ஜினைப் பொறுத்தது.

போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்வோம். 996 என்ற குறியீடு கொண்ட 911 மாடலிலும், அதற்கடுத்து 2008 வரை வந்த 911-லும், அதே காலத்து பாக்ஸ்டர் என்ற இன்னொரு போர்ஷேயிலும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளைச் சங்கிலி வழியாகச் சுழற்ற ஐஎம்எஸ் என்னும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் பின்முனையில், ஃப்ளைவீல் பக்கம், சீல் வைத்த பால் பேரிங் இருக்கிறது. நாளடைவில் சீல் கெட்டு, உள்ளே உள்ள கிரீஸை என்ஜின் ஆயில் கழுவிவிடுகிறது. பேரிங் உடைந்தால் டைமிங் தவறி, வால்வு பிஸ்டனில் மோதி, என்ஜினே போய்விடும். ஆரம்ப வண்டிகளில் குண்டுகள் இரண்டு வரிசையாக உள்ள இரட்டை வரிசை பேரிங். அது ஓரளவு தாங்கும். ஏறத்தாழ 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் உடைவது. 2006 முதல் 2008 வரை உள்ளதில் பெரிய பேரிங், உடைவது அரிது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினின் உடலான கிராங்க் கேஸையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2005 வண்டியில் இரண்டில் எதுவும் இருக்கலாம். கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றும்போது இடைத்தண்டு மூடியின் நடு நட்டு 22 மி.மீ. என்றால் பெரிய பேரிங், 13 மி.மீ. என்றால் சின்னது.

2009 மாடலில் இருந்து புது என்ஜின். அதில் இடைத்தண்டே கிடையாது. 2008-க்கும் 2009-க்கும் ஓராண்டுதான் வித்தியாசம் என்றாலும் சந்தையில் விலை எகிறுவது இதனால்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் புது மாடல் 2008 நடுவிலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே ஆர்.சி.யில் 2008 என்று இருக்கும் வண்டியில் பழைய என்ஜினும் இருக்கலாம், புதியதும் இருக்கலாம். சேசிஸ் எண்ணில் இடமிருந்து 10-வது இடத்தைப் பாருங்கள். 8 என்றால் பழையது, 9 என்றால் புதியது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியில் பொறித்த எண்ணையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

சாதாரண 911 போலவே 2004-ல் வந்திருந்தாலும், 911 டர்போ, ஜிடி3 இரண்டிலும் இருப்பது வேறு பரம்பரை. போர்ஷே பொறியாளர் ஹன்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும் அந்த என்ஜினில் இந்த பேரிங் தொல்லை இல்லை. விலை தனியாக நிற்பதற்கு வேகம் மட்டுமல்ல, இதுவும் காரணம்.

"பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை" என்று கூடுதல் விலை கேட்டால், நம் மலையில் அதை அப்படியே ஏற்காதீர்கள். மாதம் ஒருமுறை ஊட்டி சேரிங் கிராஸ் வரை போய்த் திரும்பும் வண்டியில் ஆயில் சூடேறவே ஏறாது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கி பேரிங்கை அரிக்கும். ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், 2009-க்கு முந்தைய 3.6, 3.8 லிட்டர் என்ஜின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் அபாயம் அதிகம். பெரும்பாலும் 6-வது சிலிண்டரில்தான் தொடங்கும். டிக் டிக் சத்தம், ஆயில் குறைவது, ஒரு சைலன்சர் முனையில் மட்டும் கரி: இவை அறிகுறிகள். முதல் நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் நீங்களே சாவி போட்டுக் கேளுங்கள். ஆயிலை வடித்து, ஆயில் தொட்டியின் அடித்தட்டைக் கழற்றி, கீழிருந்து கேமரா விட்டுப் பார்த்தால்தான் சுவர் சரியாகத் தெரியும். பிளக் துளை வழியாகப் பார்ப்பது அவ்வளவு போதாது.

ஆயில் ஃபில்டரையும் கையில் வாங்கிப் பாருங்கள். காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, வெள்ளைத் துணியில் தட்டி, காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் பொடி எஃகு. பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஒட்டாமல் மினுங்குவது அலுமினியம். பழுப்பு பிளாஸ்டிக் துண்டு சங்கிலி கைடிலிருந்து வந்தது. அது மட்டும் இருந்தால் அவ்வளவு பயமில்லை.

சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் 180 பிஎஸ்ஐ காட்டும் நல்ல என்ஜின் இங்கே 140-ஐ ஒட்டித்தான் காட்டும். அதை வைத்து "என்ஜின் போச்சு" என்று விலையைக் குறைப்பது விற்பவருக்குச் செய்யும் அநியாயம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். லீக் டவுன் சோதனை இன்னும் நல்லது. காற்று எத்தனை சதவீதம் கசிகிறது என்பதை அளப்பதால் உயரம் அதைப் பெரிதாகக் குழப்பாது.

2007 முதல் 2013 வரை வந்த வி8 பிஎம்டபிள்யூ எம்3-யில் பார்க்க வேண்டியது பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். என்ஜினை இறக்காமலே, சம்ப் எனும் அடி ஆயில் தொட்டியைக் கழற்றி மாற்றலாம். மாற்றிய ரசீது இருந்தால் கூடுதல் விலை நியாயம்; இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

996 வண்டிக்கும் அதே கணக்குதான். ஐஎம்எஸ் பேரிங் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும். கிளட்ச், கிராங்க் பின் சீல் இரண்டையும் அதே கூலியில் முடிப்பார்கள். மூன்றும் ஒரே தேதியிட்ட ரசீதில், கிலோமீட்டருடன் இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று நம்பலாம்.

தங்கள் வாகன விளம்பரப் பகுதியில் ஆண்டுக்குப் பக்கத்தில் சேசிஸ் எண்ணின் 10-வது குறியையும், என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறோம். ஒரு வரி இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
குன்னூர், நீலகிரி.